அடியில் இருக்கும் எழுத்து

சித்திரை மாதம் இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பதினைந்து நிமிடம். அக்கினி நட்சத்திரம் அன்றுதான் தொடங்கியிருந்தது. நேரத்தை நான் உத்தேசமாகச் சொல்லவில்லை, தம்பி. இரண்டேகாலுக்கு நான் மாத்திரை விழுங்குவது வழக்கம். விழுங்கிவிட்டுத்தான் குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

உட்காருங்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். அடுத்த மாதம் முதல் நம் குடியிருப்பின் செயலாளர் நீங்கள். சாவிக்கொத்தை வாங்க வந்திருக்கிறீர்கள், தருகிறேன். ஆனால் பதிவுப்பெட்டி இருக்கும் அறையின் சாவியைத் தருவதற்கு முன், அந்தப் பெட்டியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். வாட்ஸப் குழுவில் ஏழாம் வீட்டுக்காரர் எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன். 'மனச்சாட்சி' என்ற சொல்லில் ஒற்று விடுபட்டிருந்தது.

மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறிய அறை இருக்கிறதல்லவா, அங்கேதான் பெட்டி. எட்டுக் கேமராக்கள் பார்ப்பதையெல்லாம் அது தனக்குள் இருக்கும் வன்தட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் என்று நீங்கள் சொல்வீர்கள், நான் வன்தட்டு என்பேன். பதினைந்து நாள் படம் அதில் நிற்கும். அந்த வாரம் வியாழக்கிழமை முதல் அந்தப் பெட்டி இரண்டு விநாடிக்கு ஒரு முறை 'கீ' என்று கத்திக்கொண்டிருந்தது. பழைய படத்தை ஓட்டிப் பார்த்தால் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: படிப்பதில் பிழை, எழுதுவதில் பிழை.

முப்பத்துநான்கு ஆண்டுகள் நான் படிப்பதிலும் எழுதுவதிலும் பிழை செய்கிறவர்களோடுதான் வாழ்ந்தேன். பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியை. பிழையை எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். ஒரு பிள்ளை தவறாக எழுதினால் அவளை அடிப்பதற்கு முன்னால் கரும்பலகை அவளுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே முதலில் கேமராவின் கண்ணைத் துடைப்பது என்று முடிவு செய்தேன். மூன்றாம் கேமரா, வாசல் தூணில் இருப்பது. தூசி படிந்திருந்தது.

முப்பிடாதி வேப்பமரத்து நிழலில் பேருந்துக்காகக் காத்திருந்தாள். நம் வளாகத்தைப் பெருக்கித் துடைக்கிறவள், ஐம்பத்தேழு வயது. கூப்பிட்டேன்.

"டீச்சரம்மா, நான் ஒரு மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டம்லா. ரெண்டே முக்கால் பஸ்ஸ விட்டா அடுத்தது அஞ்சுக்குத்தான்."

"ஒரு கண்ணாடியைத் துடைக்க எத்தனை நிமிடம் ஆகும், முப்பிடாதி?"

"அது எங்க உயரத்துல இருக்கு, நான் எங்க இருக்கேன். ஏணி இல்லியா?"

ஏணி மின்பணியாளர் அறையில் பூட்டியிருந்தது. வாயிற்காவலரின் மேசையைத் தூணோரம் இழுத்து, அதன்மேல் முக்காலியைப் போடச் சொன்னேன். காவலர் சாப்பிடப் போயிருந்தார். "இந்த வயசுல என்ன சர்க்கஸ் ஆட வச்சுப் பாக்கியளே" என்று சிரித்துக்கொண்டே ஏறினாள். ஏறி நின்றபின், "கீழ யாராவது புடிச்சா நல்லாருக்கும்" என்றாள். ஒரு கையில் எனக்குக் குடை. மறு கையால் எங்கே துடைக்க வேண்டும் என்று காட்ட வேண்டும். மூன்றாவது கை யாருக்கும் இல்லை. இடப்பக்கம் என்றேன். இன்னும் இடப்பக்கம் என்றேன். நான் சொன்ன இடப்பக்கம் என்னுடையது. அவளுடையதும் அதுவேதான், இருவரும் தூணைப் பார்த்துத்தானே நின்றோம். ஆனாலும் அவள் வலப்பக்கம் சாய்ந்தாள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பலருக்கு இது வரும்.

முக்காலி ஒரு பக்கம் போயிற்று, அவள் ஒரு பக்கம் வந்தாள். விழுந்தவள் முதலில் சொன்னது, "பஸ்ஸு போயிரும்" என்பதுதான். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய், சங்கக் கணக்கில் எழுதியிருக்கிறேன், நீங்கள் பார்க்கலாம்.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்குப் பெட்டி அறைக்குப் போய், துடைத்ததால் பயன் உண்டா என்று பார்த்தேன். மூன்றாம் கேமராவின் படத்தை இரண்டேகாலிலிருந்து ஓட்டினேன். இடையிடையே கட்டங்கள் உடைந்தாலும், முப்பிடாதியின் முகம் மிக அருகில், மிகத் தெளிவாக இருந்தது. மூக்குத்தியின் கல் கூடத் தெரிந்தது. துணி வந்து திரையை மூடியது, விலகியது. கீழே நான் குடையோடு நிற்பது தெரிந்தது. பிறகு அவள் விழுவது. மூலையில் நேரம் இரண்டு மணி பத்தொன்பது நிமிடம். துடைத்தபின் படம் முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டி கத்துவது நிற்கவில்லை. எனவே பிழை கண்ணில் இல்லை, உள்ளே இருக்கிறது என்று தெளிவாயிற்று. ஒவ்வொரு படியாகப் போனால்தான் இப்படி ஒன்றை உறுதியாக விலக்க முடியும்.

எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, முப்பிடாதியின் மகள் வந்தாள். செல்வக்கனி என்று பெயர், ஜவுளிக்கடையில் வேலை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், அம்மாவுக்கு ஆறு மாசம் படுக்கைன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறமும் குனிஞ்சு பெருக்க முடியாதாம். நயினார் அண்ணாச்சிகிட்ட இன்சூரன்ஸு இருக்கு, ஒன்றரை லட்சம். ஆனா வேல நேரத்துல விழுந்தாத்தான் தருவாங்களாம்."

ஒப்பந்தக்காரர் ஆறுமுக நயினாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் வளாகத்துக்குப் பணியாளர்களை அனுப்புகிறவர். அவள் எதிரிலேயே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன், ஒளிவுமறைவு எனக்குப் பழக்கமில்லை.

"டீச்சர், ஒரு மணிக்கு அவ கையெழுத்துப் போட்டிருக்கா. அதுக்கு மேல உங்க காம்பவுண்டுல அவ தூங்குனாளா, தொட்டில் கட்டி ஆடுனாளா, எனக்கு எப்படித் தெரியும்? கேமரா இருக்குல்லா. வேல செஞ்ச படத்தக் காட்டுங்க, கம்பெனிக்கு அனுப்பி நானே வாங்கித் தாரேன். படம் இல்லன்னா என்ன வம்புல மாட்டாதிய."

நியாயமான பேச்சு. படம் இருக்கிறது, நானே பார்த்தேன் என்று செல்வக்கனியிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அவளையும் அழைத்துக்கொண்டு பெட்டி அறைக்குப் போனேன்.

பெட்டி கத்திக்கொண்டிருந்தது. அன்று பழைய படம் எதுவுமே திறக்கவில்லை. வெறும் கறுப்பு. படிப்பதில் பிழை. கேமராக்களைப் பொருத்திய ஜெபசிங்கைத் தொலைபேசியில் கேட்டேன். அவர் வெளியூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். "ஒண்ணும் தொடாதீங்க டீச்சர். வயரு பிரச்சனையாத்தான் இருக்கும். வந்து பாத்துக்கிடுதேன், ஒரு பத்து நாளாவும்" என்றார். பத்து நாள். அந்தக் கத்தலை நீங்கள் கேட்டதில்லை, தம்பி. என் படுக்கையறை அதற்கு நேர் மேலே.

சுவரில் ஒரு வழிகாட்டித் தாள் ஒட்டியிருக்கிறது, பார்ப்பீர்கள். ஜெபசிங் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததை நான்தான் தமிழில் பெயர்த்துத் தட்டச்சு செய்து, கண்ணாடித்தாள் போட்டு ஒட்டினேன். ஆறு படிகள். மின்சாரத்தை நிறுத்திப் போட்டேன். வெளியே தெரிந்த கம்பிகளை அழுத்தினேன். கடிகாரத்தைச் சரிபார்த்தேன். இப்படி ஐந்து படிகளும் முடிந்தன. ஆறாவது: 'வன்தட்டை வடிவமைக்கவும்.' அவருடைய மூலத்தில் அந்த வரிக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஏதோ இருந்தது, படங்களை வேறிடத்தில் படியெடுத்து வைத்தபின் மட்டும் என்பதுபோல. நான் அதை விட்டுவிட்டேன். அறிவுரையில் அடைப்புக்குறி அழகல்ல.

வடிவமைத்தல் என்றால் என்ன? வெள்ளைத்தாளுக்குக் கோடு போடுவது. பதிவேட்டுக்குப் பத்தி பிரிப்பது. கோடு கோணலாக இருந்தால் எழுத்தும் கோணலாக இருக்கும், கோட்டை நேராக்கினால் எழுத்து நேராகும். பிழை எழுதுவதில் என்று பெட்டியே சொல்லும்போது இதைவிடப் பொருத்தமான படி வேறென்ன இருக்க முடியும்?

அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அது ஃபார்மேட்டுன்னுல்லா போட்டிருக்கு. எம்போன ஃபார்மேட் பண்ணப்போ போட்டோவெல்லாம் போயிட்டு. வேண்டாம் டீச்சர்."

"உன் கைப்பேசி வேறு, இது வேறு."

"கடையில கேட்டுட்டுச் செய்வோம். எங்கம்மா மூஞ்சி அதுக்குள்ளதான இருக்கு."

"செல்வக்கனி, நீ எதுவரை படித்தாய்?"

"பத்தாவது."

"நான் எதுவரை படித்தேன் என்று தெரியுமா?"

அவள் திரையையே பார்த்தாள். அவளுக்குத் தெரியாது போலும். உறுதியாகவா என்று பெட்டி கேட்டது. உறுதி என்று அழுத்தினேன்.

கத்தல் நின்றது. தம்பி, பத்து நாளுக்குப் பிறகு அந்த அமைதியை நான் கேட்டேன். எட்டுச் சதுரங்களிலும் படம் பளிச்சென்று வந்தது. பார்த்தாயா என்று திரும்பினேன். அவள் பழைய தேதியைக் காட்டச் சொன்னாள். சித்திரை இருபத்தொன்றை அழுத்தினேன். அந்தத் தேதியில் ஒன்றுமில்லை என்று வந்தது. எந்தத் தேதியிலும் ஒன்றுமில்லை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அழவில்லை. அதை நான் பாராட்ட வேண்டும்.

மறுபடி ஜெபசிங்கை அழைத்தேன். அவர் குரல் மாறியது. "டீச்சர், இப்பவே பிளக்கப் புடுங்குங்க. போனது அட்டவணைதான், படம் இன்னும் உள்ளதான் கெடக்கும். மேல எழுதாம இருந்தா முக்காவாசி எடுத்துரலாம். நான் வார வரைக்கும் பெட்டிய ஓட விடாதீங்க. மேல எழுதிட்டா முடிஞ்சது."

செல்வக்கனி எழுந்து பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினாள். நான் தடுத்தேன். காரணம் இரண்டு. ஒன்று, நம் சங்க விதி நான்கு: கண்காணிப்புப் பதிவை ஒரு மணி நேரமும் நிறுத்தக் கூடாது. விதியை எழுதியவளே நான். ஒருவருடைய தேவைக்காக இருபத்துநான்கு வீட்டின் பாதுகாப்பை விட முடியுமா? இரண்டு, மேலே எழுதுவதில் என்ன கெட்டுப்போகும்? பள்ளிப் பதிவேட்டில் பிழை நேர்ந்தால் நாங்கள் சுரண்ட மாட்டோம், அழிக்க மாட்டோம். ஒரே கோட்டால் அடித்து, அதற்கு மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவோம். அடியில் இருக்கும் எழுத்தைத் தணிக்கையாளர் படிக்க முடிய வேண்டும். அதுதான் மேலே எழுதுவதன் இலக்கணம். நாற்பது ஆண்டுக்கு முந்தைய பதிவேட்டில் இன்றும் அடியில் இருப்பதைப் படித்துக் காட்டுவேன். இதை ஜெபசிங்குக்கும் விளக்கினேன். அவர், "டீச்சர், இது ரிஜிஸ்டர் இல்ல டீச்சர்" என்றார். பின்னணியில் மேளம் அடித்ததால் மீதி கேட்கவில்லை.

"நான் வேணா இங்கனயே உக்காந்துக்கிடுதேன். ராத்திரி பகலா காவல் இருக்கேன். பெட்டிய மட்டும் நிறுத்துங்க" என்றாள் அவள். கேமரா செய்யும் வேலையை ஒரு பெண் செய்வதா? அவளை வெளியே அனுப்பிவிட்டு அறையைப் பூட்டினேன். அதன்பின் இரண்டு முறை வந்தாள். ஒரு முறை காவலரிடம் சாவி கேட்டிருக்கிறாள். அதற்காக நான் கண்டித்தேன்.

ஜெபசிங் ஒன்பது நாள் கழித்து வந்தார். பெட்டியைத் திறந்தார். "தட்டுல கோளாறு ஒண்ணுமே இல்ல டீச்சர். உள்ள இருக்கிற வயர எலி கடிச்சிருக்கு, தொட்டும் தொடாமயும் கெடந்திருக்கு, அவ்வளவுதான்" என்று இரண்டு நிமிடத்தில் மாற்றினார். கேமராவின் கண்ணிலும் குறையில்லை, வன்தட்டிலும் குறையில்லை. செல்வக்கனி கேட்டுக்கொண்டதால் வன்தட்டைக் கடைக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்துத் தோண்டினார். ஒன்பது நாள் எட்டுக் கேமரா எழுதியதற்கு அடியிலிருந்து ஒரே ஒரு படம் கிடைத்தது. பாதிதான். கைப்பேசியில் காட்டினார். மேல்பாதியில் ஒரு துணி, அதைப் பிடித்த இரண்டு விரல். கீழே ஒரு கறுப்புக் குடையின் வளைவு. முகம் இல்லை. நேரம் இருக்க வேண்டிய மூலை சாம்பல் நிறமாக இருந்தது.

நயினாருக்கு அனுப்பினோம். "துணி தெரியுது, விரலு தெரியுது. எந்தத் தேதி, யாரு விரலு? கொட யாருது?" என்று கேட்டார். கறுப்புக் குடை பாளையங்கோட்டையில் எல்லோரிடமும் இருக்கிறது என்றேன். உண்மைதானே.

வைகாசிக் கடைசியில் செல்வக்கனி மறுபடி வந்தாள். இம்முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"டீச்சர், படம் போனா போட்டும். நீங்கதான கூப்பிட்டிய. நீங்கதான பக்கத்துல நின்னிய. 'நான் வேல சொன்னேன், அதுல விழுந்தா'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. அது போதும்னு நயினாரே சொல்லுதாரு."

நான் வருகைப் பதிவேட்டை எடுத்து அவளிடம் காட்டினேன். சித்திரை இருபத்தொன்று, வெளியேறிய நேரம் ஒரு மணி, முப்பிடாதியின் கையெழுத்து, பக்கத்தில் செயலாளர் என்ற முறையில் என் கையெழுத்து. ஒரே நாளுக்கு என் கையெழுத்தோடு இரண்டு நேரம் இருக்க முடியாது என்றேன்.

"அப்ப அத அடிச்சு, மேல ரெண்டேகால்னு எழுதுங்க. பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்து. அடியில உள்ளதும் தெரியும், மேல உள்ளதும் தெரியும். அன்னைக்கு நீங்கதான சொன்னிய, டீச்சர்."

நன்றாகக் கேட்டிருக்கிறாள். என் மாணவியாக இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். ஆனால் திருத்தம் என்பது பிழைக்கு. அவள் தாய் ஒரு மணிக்குக் கையெழுத்திட்டது பிழையா? இல்லை. ஒரு மணிக்குத்தான் இட்டாள். பிழையில்லாத ஒன்றை அடித்துத் திருத்துவதற்குப் பொய்ப்பதிவு என்று பெயர். முப்பத்துநான்கு ஆண்டுகளில் நான் செய்யாததை ஓய்வு பெற்றபின் செய்யச் சொல்கிறாள். இதைப் பொறுமையாகவே அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அப்ப எங்கம்மா ரெண்டேகாலுக்கு அங்க இல்லன்னு சொல்லுதியளா?"

"இல்லை என்று நான் சொல்லவில்லை. பதிவில் இல்லை என்கிறேன்."

"நீங்க பாத்தியள்லா. கண்ணால பாத்தியள்லா."

என் கண் சங்கத்தின் ஆவணம் அல்லவே, தம்பி. ஆனாலும் வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தாள் எடுத்து என் கைப்பட ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்தேன். 'திருமதி முப்பிடாதி ஆறு ஆண்டுகள் இவ்வளாகத்தில் பணியாற்றினார். கடமை தவறாதவர். சொன்ன வேலையை மறுக்காமல் செய்பவர். நடத்தை நன்று.' அவள் அதை நின்றபடியே படித்தாள். மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன், கண் அங்கே திரும்பப் போயிற்று. மடித்து மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனாள். என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் தருவேன்.

குழுவில் எழுதுகிறார்கள், நான் வேண்டுமென்றே அழித்தேனாம். குடை தெரியும் என்று பயந்தேனாம். பயந்தவள் ஒலிபெருக்கியில் பேசுவாளா? படம் இருக்கிறது என்று முதலில் சொன்னவளே நான்தானே. அந்த வழிகாட்டித் தாளை மட்டும் நீங்கள் கிழித்துவிடாதீர்கள். பிழையின்றித் தட்டச்சு செய்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கையெழுத்திட்டுச் சாவியை எடுத்துக்கொள்ளலாம். ஜெபசிங் பழைய வன்தட்டைக் கொண்டுபோனபோது பதிவு நிற்கக் கூடாதென்று புதியது வாங்கினோம். நாலாயிரத்து அறுநூறு ரூபாய், வைகாசி எட்டாம் தேதி சங்கம் கொடுத்தது. நயினார் ஆனி ஐந்தாம் தேதி முப்பிடாதியின் கையில் இரண்டாயிரம் கொடுத்து, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார். நான் என் ஓய்வூதியத்திலிருந்து ஐந்நூறு ரூபாயை உறையில் இட்டு ஆனி பத்தாம் தேதி கொடுத்தனுப்பினேன். உறை பிரிக்காமல் திரும்பி வந்தது, சங்கத்துக்கு என் பெயரில் நன்கொடையாக வரவு வைத்தேன். அழிந்த படத்தைத் தோண்டியதற்கு ஜெபசிங் ஆயிரத்தைந்நூறு கேட்டார். அது சங்கத்தின் தேவை அல்ல, கேட்டவர்தான் தர வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தது. ஆடி இரண்டாம் தேதி செல்வக்கனி எழுநூற்றைம்பது கட்டினாள். மீதி எழுநூற்றைம்பதை ஆவணி மூன்றாம் தேதி காலை பத்து மணிக்குக் கொண்டுவந்தாள். எல்லாம் பத்து ரூபாய்த் தாள்கள். அவளை நிற்க வைத்து இரண்டு முறை எண்ணினேன். சரியாக இருந்தது.